அரங்கில் உயர்ந்தவர்கள் ஊரில் எங்கே நின்றார்கள்?

(வரிப்பத்தான்சேனையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் எனக்கே விட்டுவிட்டார்கள். நெல் விளையும் இந்த ஊரில் நின்று உரோமாபுரியின் வட்டரங்கைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோதும் அவர்கள் மறுக்கவில்லை. அவர்களுக்கு என் நன்றி. உரோமிலிருந்து கேரளத்துத் தலைச்சேரிக்கும், தலைச்சேரியிலிருந்து நமது கலியாணப் பந்தலுக்கும் வந்து சேர்வேன். மூன்று இடத்திலும் நான் கேட்கப்போவது ஒரே கேள்விதான். ஊரே கூடிக் கைதட்டிய ஒரு மனிதனுக்கு, கூட்டம் கலைந்த பிறகு ஊரில் என்ன இடம் கிடைத்தது?

இத்தாலியின் மலைச்சாரலில் சார்சினா என்றொரு சிறு நகரம் உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஹொராத்தியுஸ் பல்புஸ் என்ற செல்வர் தம் ஊராருக்கு அடக்கநிலம் தானம் செய்து, அதைக் கல்லிலும் வெட்டிவைத்தார். அவரும் ஓர் அறக்கட்டளையாளர்தான். நம் முன்னோர் மையவாடிக்கு வக்பு எழுதியதைப் போன்ற காரியம். ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விலக்கும் உண்டு. தூக்கிட்டு உயிரை மாய்த்தவருக்கு இந்த நிலத்தில் இடமில்லை. இழிதொழிலில் பிழைத்தவருக்கு இல்லை. தன்னை வாள்விளையாட்டுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவருக்கும் இல்லை. அந்த விளையாட்டைப் பார்க்க அதே ஊரார் காசு செலவழித்துக் கூடினார்கள். வென்றவனின் பெயரைச் சுவரில் கிறுக்கி வைத்தார்கள். செத்தால் மட்டும் அவன் தங்களுக்குப் பக்கத்தில் கிடக்கக் கூடாது.

யார் இந்த மனிதர்கள்? திரைப்படங்களால் கிளாடியேட்டர் என்ற பெயர் உங்களுக்குப் பழக்கம். போரில் பிடிபட்டவர்கள், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள், குற்றத்துக்காக அரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று பலரும் அவர்களில் இருந்தார்கள். இவர்களோடு நான்காவதாக ஒரு வகை உண்டு, அதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சுதந்திரக் குடிமகனாகப் பிறந்து, கடனாலோ வறுமையாலோ புகழாசையாலோ, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு தன் உடம்பை எழுதிக் கொடுத்தவன் அவன். நெருப்பால் சுடப்படவும், கட்டி வைக்கப்படவும், அடிக்கப்படவும், இரும்பால் கொல்லப்படவும் சம்மதிக்கிறேன் என்று அவன் சத்தியம் செய்தான். சாட்டையடியிலிருந்து உரோமக் குடிமகனைச் சட்டம் காத்து நின்ற காலம் அது. அந்தக் காப்பை இவன் தானாகவே கழற்றிக் கொடுத்தான்.

கிடைத்த பணம் எவ்வளவு? கி.பி. 177இல், பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுஸ் காலத்தில், கிளாடியேட்டர்களின் விலைக்கு உச்சவரம்பு வைத்த ஓர் ஆணை கல்லிலும் வெண்கலத்திலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. சுதந்திர மனிதன் ஒருவன் முதன்முறை ஒப்பந்தம் செய்தால் 2,000 செஸ்டர்ஸ். விடுதலை பெற்றுப் போனவன் மறுபடி வந்து ஒப்பந்தம் செய்தால் 12,000 வரை. அன்று ஒரு காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது தொகைதான் என் மனதை வருத்துகிறது. மரவாளைக் கையில் கொடுத்து, இனி நீ மோத வேண்டியதில்லை என்று அனுப்பப்பட்ட மனிதன் திரும்பி வருகிறான். அப்படி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு விலை வகுக்குமளவுக்கு அது வழக்கமாகவே இருந்திருக்கிறது. வெளியே அவனுக்கு வேறு வாழ்வு கிடைத்திருந்தால் ஏன் வருகிறான்?

துருக்கியில் எபேசுஸ் என்ற பழைய நகரத்தில் 1993இல் கிளாடியேட்டர்களின் அடக்கநிலம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே கிடைத்த எலும்புகளைச் சோதித்தார்கள். பெரும்பாலும் தானியமும் பருப்புவகையும் தின்று வளர்ந்த உடம்புகள் அவை. பழைய நூல்கள் கிளாடியேட்டர்களை வாற்கோதுமை தின்னிகள் என்று கேலி செய்ததை அந்த எலும்புகள் உறுதிப்படுத்தின. ஆழமான காயங்கள் நன்றாக ஆறியிருந்ததும் தெரிந்தது. நல்ல வைத்தியம் நடந்திருக்கிறது. நம் யூனானி ஹக்கீம்கள் ஜாலினூஸ் என்று மரியாதையோடு சொல்லும் கேலன், கி.பி. 157 முதல் சில ஆண்டுகள் பெர்கமோன் நகரில் கிளாடியேட்டர்களுக்குத்தான் வைத்தியராக இருந்தார். மனித உடம்பின் உள்ளமைப்பைப் பற்றி அவர் அறிந்ததில் ஒரு பங்கு அந்தக் காயங்களிலிருந்து வந்தது. யூனானி மருத்துவம் இந்த மனிதர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்த வைத்தியச் செலவை வைத்து அவர்களை ஊர் மதித்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விலை கொடுத்து வாங்கிய உடம்பை உரிமையாளன் காப்பாற்றினான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கி.மு. முதல் நூற்றாண்டின் நகராட்சிச் சட்டம் ஒன்று வெண்கலத் தகட்டில் இன்றும் இருக்கிறது. ஊர்ச் சபையில் உட்காரத் தகுதியற்றவர்களின் பட்டியல் அதில் வருகிறது. மோசடிக்காரர்களோடும் திருடர்களோடும் சேர்த்து, கூலிக்கு வாள்விளையாடியவன், அவனை வைத்து நடத்தும் வணிகன், மேடை நடிகன் ஆகியோரும் அதில் இருக்கிறார்கள். கி.பி. 19இல் பேரரசர் திபேரியுஸ் காலத்தில், மேல்வகுப்பாரின் பிள்ளைகள் மேடையிலோ மணலிலோ இறங்கக் கூடாது என்று செனட் சபை தடை விதித்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான் தடை தேவைப்பட்டது.

இந்த இடத்தில் நம் தீவு கதைக்குள் வருகிறது. உரோம எழுத்தாளர் மூத்த பிளினி தம் நூலின் ஆறாம் புத்தகத்தில் தப்ரொபேன் என்று நம் இலங்கையை வருணிக்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர், காற்றில் அலைக்கழிந்து நம் கரைக்கு வந்து சேர்ந்தார். நம் மன்னர் அவரை விருந்தினராக நடத்தினார். வெவ்வேறு பேரரசர்களின் முகம் பொறித்த நாணயங்கள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதைப் பார்த்து உரோமரின் நேர்மையை வியந்து, இராச்சியாஸ் என்பவரின் தலைமையில் நான்கு தூதர்களைக் குளோதியுஸ் பேரரசரிடம் அனுப்பினார். இலங்கை வரலாற்றுப் பாடத்தில் இது சிறு குறிப்பாக வந்து போகும். எனக்கு இது பெரிய செய்தி. விலைக்கு வாங்கப்பட்டவராக வாழ்ந்த ஒரு மனிதர், இரண்டு நாடுகளின் அரசவைகளுக்கு இடையே தொடர்பு பிறக்கக் காரணமானார். உரோமில் விடுதலை பெற்ற அடிமை குடிமகனாகலாம். பதவிக்கு வர அவருக்குத் தடை உண்டு, அவருடைய மகனுக்கு அந்தத் தடை கிடையாது. அடிமைத்தனம் ஒரு தலைமுறையில் கழுவப்படக் கூடிய கறையாக இருந்தது. அதே நாட்டில், கி.பி. 4ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குற்றத் தண்டனையாக வாள்விளையாட்டுக்கோ விலங்குகளோடு மோதவோ அனுப்பப்பட்ட அடிமை பின்னாளில் விடுதலை பெற்றாலும் ஒருபோதும் குடிமகனாக முடியாது, உரோம் நகரிலிருந்து நூறு மைல் எல்லைக்குள் குடியிருக்கவும் முடியாது என்றது. அடிமையாக இருந்ததை மறந்த சமூகம், அரங்கில் நின்றதை மறக்க மறுத்தது.

இந்த முரண்பாட்டைக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்துல்லியன் என்ற கிறிஸ்தவ அறிஞர் சுமார் கி.பி. 200இல் சுட்டிக்காட்டினார். கலையைப் போற்றுகிறீர்கள், கலைஞனுக்கு மானமில்லை என்கிறீர்கள், யாரை நேசிக்கிறீர்களோ அவரையே தண்டிக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். காட்சிகளை வெறுத்தவர் அவர். ஆனாலும் அங்கே நடிப்பவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

சட்டத்தை விட்டு நடுகற்களுக்குப் போனால், அந்த மனிதர்களே பேசுகிறார்கள். சிசிலித் தீவில் ஃபிளாம்மா என்பவரின் கல் இருக்கிறது. சிரியா நாட்டவர். 30 ஆண்டுகள் வாழ்ந்தார். 34 முறை மோதினார். 21 வெற்றி, 9 சமநிலை, 4 முறை தோற்றும் உயிரோடு விடப்பட்டார். கல்லை நிறுத்தியவர் தெலிகாதுஸ் என்ற சக வீரர். கல்லில் இருப்பது இவ்வளவுதான். இவருக்கு நான்கு முறை விடுதலை கிடைத்தும் மறுத்துவிட்டார் என்று இணையம் முழுவதும் எழுதியிருக்கிறார்கள். கல்வெட்டில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. தானாக விரும்பித் தன்னை அழித்துக்கொண்ட வீரன் என்ற கதை நமக்கு வசதியாக இருக்கிறது, அதனால் பரவுகிறது. அந்தக் கல்லில் நான் காண்பது வேறு. நகரச் சபை அவருக்குக் கல் வைக்கவில்லை, கைதட்டிய ரசிகர்களும் வைக்கவில்லை. அதே மணலில் நின்ற இன்னொருவர் வைத்தார். பல ஊர்களில் கிளாடியேட்டர்களுக்கு மனைவியர் நிறுத்திய கற்களும் இருக்கின்றன. சட்டம் மானமில்லாதவன் என்று பட்டியலிட்டவனை, அவன் வீட்டார் பேர் சொல்லி, வெற்றியை எண்ணி, வயதைக் குறித்து அடக்கம் செய்தார்கள். உயர்வு என்ற சொல்லை அங்கேதான் நான் முதலில் பயன்படுத்துவேன்.

தேரோட்டிகளின் கதை வேறு விதமானது. லுசித்தானியா, அதாவது இன்றைய போர்த்துக்கல் பக்கத்திலிருந்து வந்த அப்புலேயுஸ் தியோகிளெஸ் 24 ஆண்டுகள் தேர் ஓட்டினார். 4,257 ஓட்டங்கள், 1,462 வெற்றிகள், மொத்தப் பரிசு 3,58,63,120 செஸ்டர்ஸ் என்று அவர் கல்வெட்டுக் கணக்குச் சொல்கிறது. உரோமின் இரண்டாம் உயர் வகுப்பில் இடம்பெற 4 இலட்சம் சொத்து வேண்டும். பரிசுத் தொகையை மட்டும் எண்ணினால் அது அந்த எல்லையை ஏறத்தாழ 90 முறை தாண்டியது, அதில் அவர் அணியின் பங்கு போக அவருக்கு எவ்வளவு நின்றது என்பதைக் கல் சொல்லவில்லை. 42 வயதில் ஓய்வு பெற்றார். தேரோட்டிகளை மானமிழந்தோர் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று பிற்காலச் சட்ட அறிஞர் உல்பியன் கருத்துச் சொன்னார். குதிரைப் பந்தயத்தைப் பேரரசர்களே ஆசையோடு பார்த்ததற்கும் இந்தச் சலுகைக்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஏறியவர்கள் வேறும் உண்டு. ஆசிய மாகாணங்களில் நடுவராக உயர்ந்த புப்ளியுஸ் அயேலியுஸ் என்ற பெர்கமோன்காரருக்குப் பல நகரங்கள் குடியுரிமை தந்து பெருமைப்படுத்தின. சிற்றூர் அரங்குகளில் கொம்பு ஊதித் திரிந்தவர்கள் இன்று பணக்காரர்களாகித் தாங்களே விளையாட்டு நடத்துகிறார்கள் என்று கவிஞர் யுவெனால் பொருமினார். அந்தப் பொருமலே அவர்கள் ஏறியதற்குச் சாட்சி. கூர்த்தியுஸ் ரூஃபுஸ் என்பவர் கிளாடியேட்டரின் மகன் என்று ஊர் பேசியது. அவர் கன்சல் பதவி வரை உயர்ந்து, ஆப்பிரிக்க மாகாணத்தின் ஆளுநரானார். அவர் பிறப்பைக் குறை சொன்னவர்களுக்கு, அவர் தம்மிலிருந்தே பிறந்தவராகத் தெரிகிறார் என்ற பொருள்பட திபேரியுஸ் பதில் சொன்னதாக வரலாற்றாசிரியர் தாசிதுஸ் எழுதுகிறார். மணலில் நின்ற தகப்பனுக்கு மூடியிருந்த கதவு மகனுக்குத் திறந்தது. அதற்கு ஒரு பேரரசரின் தயவு வேண்டியிருந்தது.

இந்த மாலையில் தாய்மார் இவ்வளவு பேர் இருப்பதால் ஒரு பெண்ணின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கொன்ஸ்தாந்திநோப்பிள், நாம் இஸ்தான்புல் என்று அறியும் நகரம். அங்கே குதிரைப் பந்தய அரங்கில் பச்சை அணி, நீல அணி என்று இரண்டு பெரிய கட்சிகள். பச்சை அணியின் கரடிகளைப் பராமரித்தவர் அக்காசியுஸ். அவர் இறந்துபோனார், மூன்று பெண்பிள்ளைகள் மிஞ்சினார்கள். தாய் மறுமணம் செய்து, புதுக் கணவனுக்கு அந்த வேலையைக் கேட்டாள். யாரோ இலஞ்சம் கொடுத்து வேலையைத் தட்டிப் பறித்துவிட்டார்கள். அந்தத் தாய் மூன்று குழந்தைகளுக்கும் தலையில் மாலை சூட்டி, கையிலும் மாலை கொடுத்து, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க அரங்கின் நடுவே கெஞ்ச வைத்தாள். பச்சை அணி முகம் கொடுக்கவில்லை. தன் கரடிக்காரனை அண்மையில் இழந்திருந்த நீல அணி இரங்கி வேலை கொடுத்தது. அந்த மூன்று குழந்தைகளில் நடுப்பிள்ளை தெயோதோரா. பின்னர் மேடையேறினாள். அவளைப் பற்றி எழுதிய புரொகோப்பியுஸ் அவளை வெறுத்தவர், அதனால் அவர் சொல்லும் அவதூறுகளை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. மேடைப் பெண்ணையோ அவள் மகளையோ செனட் வகுப்பார் மணக்கக் கூடாது என்று அகுஸ்துஸ் காலத்திலிருந்து சட்டம் இருந்தது. பேரரசர் யுஸ்தினுஸ் 520களில் அதைத் திருத்தி, தொழிலை விட்டு விலகிய நடிகை எந்த வகுப்பாரையும் மணக்கலாம் என்றார். அவருடைய மருமகன் யுஸ்தினியான் தெயோதோராவை மணக்க வழி பிறந்தது. 527இல் அவள் பேரரசி. 548இல் இறக்கும் வரை ஆட்சியில் அவள் சொல்லுக்குப் பெறுமதி இருந்தது.

ஐந்து நூற்றாண்டாக நின்ற கலியாணச் சட்டம் மாறியது. யாருக்காக? ஓர் இளவரசன் விரும்பியதற்காக. ஆனால் எழுதப்பட்ட பிறகு அந்தச் சட்டம் பேர் தெரியாத மற்ற நடிகைகளுக்கும் உதவியது என்பதை நினைவில் வையுங்கள். தெயோதோரா மட்டும் உயர்ந்திருந்தால் அது ஒரு கதையோடு முடிந்திருக்கும்.

இனி நம் பக்கத்துக் கடலைத் தாண்டித் தலைச்சேரிக்குப் போவோம். கியூசெப்பே கியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. குருந்துவாட் சமஸ்தானத்தில் குதிரைப் பயிற்சியாளராக இருந்த விஷ்ணுபந்த் சத்ரே அதைப் பார்த்தார். இந்தியராலும் முடியும் என்று முனைந்து, 1880 மார்ச் 20ஆம் தேதி தமது கிரேட் இந்தியன் சர்க்கஸின் முதற் காட்சியை நடத்தினார். சில ஆண்டுகளில் அவர் குழு தலைச்சேரிக்கு வந்தபோது, கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற களரி ஆசானைச் சந்தித்தார். ஜெர்மன் மிஷன் பாடசாலையில் உடற்பயிற்சி கற்பித்தவர் இந்தக் குஞ்ஞிக்கண்ணன். கலைஞர்களைப் பயிற்றித் தருகிறேன் என்று சத்ரேக்கு வாக்குக் கொடுத்து, 1901இல் தலைச்சேரி அருகே சிறக்கரையில் முழு அளவிலான சர்க்கஸ் பள்ளியைத் தொடங்கினார். 1904இல் அவர் மாணவர் பரியாலி கண்ணன் மலபார் கிராண்ட் சர்க்கஸை ஆரம்பித்தார். கேரளத்துக்காரர் நடத்திய முதற் சர்க்கஸ் அது.

அங்கே பயின்ற பிள்ளைகளில் பெரும்பகுதியினர் ஏழைகள். தீயர் சமூகத்துப் பிள்ளைகள் மிகப் பலர். மேற்சாதியார் வரும் வழியில் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட சமூகம் அது. அந்தப் பிள்ளை கம்பியில் நடந்தபோது, பார்க்க வந்த எல்லாச் சாதியும் அண்ணாந்து பார்த்தது. கண்ணன் பொம்பாயோ என்ற பெயரில் புகழ்பெற்ற கயிற்று நடனக்காரர் 1930களில் ஐரோப்பிய, அமெரிக்க அரங்குகளில் ஆடினார். நிஷா பி.ஆர். என்ற ஆய்வாளர் 2020இல் இந்தியச் சர்க்கஸின் சமூக வரலாற்றை ஒரு நூலாக எழுதியிருக்கிறார். சாதியின் பிடியிலிருந்து தப்ப நினைத்தவர்களுக்குக் கூடாரம் ஒரு வழியாக இருந்ததை அதில் படிக்கலாம்.

குஞ்ஞிக்கண்ணன் 1939இல் மறைந்தார். அவர் மாணவர் எம்.கே. ராமன் பள்ளியைத் தொடர்ந்தார். அங்கே பயின்ற சங்கரன் இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றித் திரும்பி, சர்க்கஸில் பார் விளையாட்டுக் கலைஞராக உழைத்து, 1951இல் விஜயா என்ற சிறு சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கினார். அதுதான் ஜெமினி சர்க்கஸ். 2023இல் சங்கரன் தமது 99ஆவது வயதில் காலமானபோது கேரளமே அஞ்சலி செலுத்தியது. ஆடியவர் உரிமையாளரானது, உரிமையாளர் ஊர்ப் பெரியவரானது உண்மை. ஆனால் ஒரு சங்கரனுக்குப் பின்னால் வலையில் விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்பதில்லை. நாற்பது வயதில் உடம்பு தளர்ந்த ஊஞ்சல் கலைஞருக்குக் கையில் வேறு தொழில் இல்லை. சர்க்கஸ்காரி என்ற பேச்சுக்கு அஞ்சிப் பல பெண்கள் கூடாரத்துக்குள்ளேயே கணவரைத் தேடிக்கொண்டார்கள். வறுமையால் பெற்றோர் ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்த சிறுவர் சிறுமியரின் நிலையைக் கண்டு, 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளைச் சேர்ப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. அந்த ஒப்பந்தங்களைப் பற்றிப் படித்தபோது, உடம்பை எழுதிக் கொடுத்த உரோமனின் சத்தியம் என் நினைவுக்கு வந்தது. அவனாவது தானே சத்தியம் செய்தான். இந்தப் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் செய்தார்கள்.

முதிய கலைஞர்களுக்குக் கேரள அரசு ஓய்வூதியம் தருகிறது. தொகை சிறிது. இருந்தாலும் உன் உழைப்பு உழைப்புத்தான் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். தலைச்சேரியில் 2010இல் தொடங்கிய அரசு சர்க்கஸ் பயிற்சி நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அது வேதனையான செய்தி.

உரோமின் அந்த நகராட்சிச் சட்டம் நம் காலத்தில் இருந்திருந்தால், கண்டிச் சீமையில் 1917இல் பிறந்து, பாய்ஸ் கம்பனி நாடகத்தில் வாள் சுழற்றி வளர்ந்த எம்.ஜி.ஆர். ஒரு ஊர்ச் சபையில்கூட உட்கார்ந்திருக்க முடியாது. 1977இல் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். நம் நாட்டில் திரைநடிகர் காமினி பொன்சேகா 1989இல் பாராளுமன்றப் பிரதிச் சபாநாயகராகி, 1995இலிருந்து நாம் வாழ்ந்த வடக்கு கிழக்கு மாகாணத்துக்கே ஆளுநராக இருந்தார். இந்த மண்ணில் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. திரை வெளிச்சம் படாத அரங்குகளில் நின்றவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நம் கிழக்குக் கரையில் சீனடி, சிலம்படி, பொல்லடி, களிகம்பு என்று கலைகள் இருந்தன, சில இடங்களில் இன்றும் இருக்கின்றன. மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னால், சுன்னத்துக் கலியாணப் பந்தலில், பெருநாள் கூட்டத்தில் பொல்லுகள் தாளத்தோடு மோதும். பாட்டுச் சொல்லி, அடி பிழைக்காமல் பார்த்து, பிள்ளைகளைப் பழக்கி ஆடவைப்பவர் அண்ணாவியார். வேறிடத்தில் வயல் வேலையோ கூலி வேலையோ செய்பவர், அன்று ஒருநாள் ஊரின் முன்னால் நிமிர்ந்து நிற்பார். இப்போது அமைச்சர் வந்தால் வரவேற்புக்குக் கூப்பிடுகிறோம். பொல்லடி அணி முன்னே ஆடிக்கொண்டு போகும், மேடைக்கு வந்ததும் அமைச்சர் ஏறுவார், அண்ணாவியார் கீழே நிற்பார்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து 2008இல் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். நமது குடி முறையையும் தாய்வழி உறவையும் அவ்வளவு நுணுக்கமாக வெளியார் வேறெவரும் எழுதியதாக நான் காணவில்லை. அதில் ஒஸ்தாமார் பற்றியும் வருகிறது. நம் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் சுன்னத்துச் செய்துவைத்த ஒஸ்தா மாமாவின் குடும்பத்தை மற்றவர்கள் தாழ்வாக எண்ணித் தனியே வைத்ததையும், அவர்களோடு சம்பந்தம் செய்யாமல் விலகியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒஸ்தா ஆட்டக்காரர் அல்லர், அதை அறிவேன். ஆனால் அதே பந்தலில், அதே நாளில், நமக்கு இன்றியமையாதவராக நின்றவர் அவர். நம் மார்க்கத்தில் சாதியில்லை என்று மிம்பரில் கேட்கிறோம், அது உண்மை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம், மையவாடியில் யாரையும் விலக்குவதில்லை. சார்சினாவின் செல்வர் செய்ததை நம் ஊர் ஒருநாளும் செய்யவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்வேன். கலியாணப் பேச்சில், மரைக்கார் சபையில், மேடையில் போட்ட கதிரைகளில் நாம் அதே அளவு நேர்மையாக இருந்தோமா என்பதை இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் கேட்டுப் பார்க்க முடியும். எந்த அறிஞரின் நூலும் அதற்குத் தேவையில்லை.

மூத்த கலைஞர்களுக்கு அரசு கலாபூஷணம் விருது தருகிறது. வரவேற்கிறேன். அது முதுமையில் வருகிறது, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் வழியாக வருகிறது. அண்ணாவியாரின் பாட்டுகள் அவர் மனதிலும் சில பழைய கொப்பிகளிலும் மட்டும் இருக்கின்றன. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். ஓர் அண்ணாவியார் எந்த வயதில், யாரிடம் பழகினார், யார் யாரைப் பழக்கினார், கலியாணத்துக்கு என்ன கொடுத்தார்கள், அவர் பிள்ளைகள் இன்று என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைத்தால் போதும். ஃபிளாம்மாவின் கல்லில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை வைத்துத்தான் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இது ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவு. படித்தவர்களாகவே பார்த்து அழைக்கிறீர்கள், அதில் எனக்கும் இன்று இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவை ஒரு அண்ணாவியாரிடம் ஒப்படையுங்கள். அவர் ஆடிக் காட்டுவதானால் காட்டட்டும், ஆனால் பேசுவதற்காக அழையுங்கள். அழைப்பிதழில் அவர் பெயர் முதலில் வரட்டும். அவருக்குரிய தொகையை, எனக்குத் தந்ததைவிடக் குறைக்காமல், உறையில் இட்டுக் கொடுங்கள். நான் பார்வையாளனாக வந்து கீழே உட்காருகிறேன், இன்ஷா அல்லாஹ்.